விடுப்பை மறுக்கக் காரணமான அறிக்கை: கேட்டு வாங்க வழி உண்டா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஆயுள் தண்டனையில் என் கணவர் மத்திய சிறைக்குப் போய் 6 வருடமாகிறது. போன மழையில் பூர்வீக வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு சரிந்து, உத்தரம் தொங்குகிறது. அதைச் சரிசெய்ய ஒரு மாதம் பரோல் கேட்டார். ‘நன்னடத்தை அலுவலர் பரிந்துரைக்கவில்லை’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவேயில்லை. எங்கள் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கும் பங்காளி வீட்டில் விசாரித்ததாகக் கேள்வி. அந்த அலுவலரின் விசாரணை அறிக்கையைக் கோர்ட் மூலம் வாங்க முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் அறிக்கையை மட்டும் கேட்டு வழக்குப் போடாதீர்கள். அது கைக்கு வந்தபின் மறுப்பாணையை எதிர்த்து இன்னொரு வழக்குப் போட வேண்டிவரும். அதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும்.

நாம் பரோல் என்பதை, தமிழ்நாட்டின் 1982ஆம் வருடத்துத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் ‘விடுப்பு’ என்கின்றன. 3 ஆண்டு முடித்தவர் சாதாரண விடுப்புக் கேட்கலாம். வீட்டைப் பழுதுபார்ப்பது அந்த விதிகளே ஒப்புக்கொண்ட காரணம். ஆக, உங்கள் சண்டை காரணத்தைப் பற்றியது அல்ல, அறிக்கையைப் பற்றியது.

சிவகங்கை மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அரசியல் சாசனம் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு (அரசு அதிகாரியின் ஆணையை நேரடியாக எதிர்க்கும் மனு) போடுங்கள். மறுப்பாணையை ரத்து செய்ய வேண்டும், அறிக்கை நகலைத் தந்து பதில் சொல்ல வாய்ப்பளித்து மறுபடி முடிவெடுக்க வேண்டும் என்று ஒரே மனுவில் கேளுங்கள். கோப்பை நீதிபதி பார்வைக்கு வரவழைக்கும்படி இடைக்கால மனு ஒன்றும் சேரட்டும். அந்த ஒற்றை வரி உங்களுக்குச் சாதகம்தான். ஆணையில் எழுதாத காரணத்தைப் பிறகு அரசுத் தரப்பு எதிர்மனுவில் புதிதாக ஒட்டவைக்க முடியாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போடுங்கள். கெடு 30 நாள். விசாரணையில் எதிர்ப்புச் சொன்னவர்களுக்கு ஆபத்து வரும் என்று காட்டி அதிகாரிகள் மறுக்கக்கூடும். அப்போது தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைச் சொல்லி, பெயர்களை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி மேல்முறையீட்டில் கேளுங்கள். பெயர் தெரிந்துதான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பெயர் கேட்கிற மனு, பழிவாங்கக் கேட்கிற மனு மாதிரி தோன்றிவிடும்.

உங்கள் பிரமாணப் பத்திரத்தில் அலுவலரைத் திட்டி ஒரு வார்த்தை வேண்டாம். எந்தத் தேதியிலும் வீட்டுக்கு விசாரணைக்கு வரவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். பாகப்பிரிவினை வழக்கின் எண், தொங்கும் உத்தரத்தின் தேதியிட்ட படம், கொத்தனார் எழுதித் தந்த மதிப்பீடு மூன்றையும் இணையுங்கள். தண்டனையை எதிர்த்த மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மற்றதெல்லாம் எடுபடாது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஊருக்குள் வந்தால் தகராறு வரும் என்று அறிக்கையில் இருந்து, அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் இரவு தங்க வேறு ஊரில் உறவினர் வீட்டு முகவரியை மனுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

வக்கீல் செலவுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். காவலில் இருப்பவருக்கு 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மறுப்பாணையின் நகலோடு சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். கணவரும் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக ஒரு விண்ணப்பம் எழுதித் தரட்டும்.