சீட்டுக்கட்டும் நெற்றிச்சீட்டும்: குழுப் பயிற்சி நடத்துவோர் கேள்விகள்

கேள்வி: கல்லூரி முதலாமாண்டு மாணவர்கள் 24 பேர், பல மாநிலத்தவர். பண்பாட்டு வேறுபாட்டை உணர வைக்க ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

பதில்: பார்ங்கா. பயிற்சி ஆட்டங்களை வடிவமைக்கும் சிவசைலம் தியாகராஜன் 1980இல் லைபீரியாவின் பார்ங்கா நகரில் பணியாற்றியபோது உருவாக்கிய சீட்டாட்டம். அங்கே சகாக்கள் யூக்கர் என்ற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்து, விதியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதுதான் இதற்கு வித்து.

ஆறு மேசை, மேசைக்கு 4 பேர், ஒரு கட்டு. 8 முதல் ராஜா வரை எடுத்துவிட்டால் 28 சீட்டு மிஞ்சும், ஆளுக்கு 7. முதலில் இறக்கிய இனத்தில் கைவசம் இருந்தால் அதையே போட வேண்டும், பெரிய சீட்டுக்குப் பிடி, அதாவது இறங்கிய நான்கு சீட்டும் அவருக்கே. இவ்வளவுதான் பொது விதி. சூட்சுமம் விதித்தாளில்: ஒரு மேசைக்கு ஏஸ் பெரிது, இஸ்பேட் துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்). அடுத்ததற்கு ஏஸ் சிறிது, டைமண்ட் துருப்பு. இன்னொன்றுக்குத் துருப்பே கிடையாது. தாள்கள் வேறு வேறு என்று யாருக்கும் சொல்லக் கூடாது.

5 நிமிடம் பழகவிட்டு, தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் பேச்சும் எழுத்தும் தடை. சைகை காட்டலாம், படம் வரையலாம். ஒவ்வொரு சுற்றும் 5 நிமிடம். அதிகப் பிடி எடுத்தவர் மேல் மேசைக்கு, குறைந்தவர் கீழ் மேசைக்கு. நான்கு சுற்று போதும்.

இரண்டாம் சுற்றில் கவனியுங்கள். ஏஸ் விழுகிறது, அதைப் போட்டவர் பிடியை அள்ளக் கை நீட்டுகிறார், எதிரே இருப்பவர் தன் 7ஆம் எண் சீட்டைத் தட்டிக் காட்டித் தலையாட்டுகிறார். ஒருவர் மற்றவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கும் அந்த ஐந்து விநாடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கேள்வி: அதே ஆட்டத்தை நடத்தினோம். முதல் சுற்றிலேயே "ரூல் வேற வேற!" என்று ஒருவர் கத்திவிட்டார்.

பதில்: பெரும்பாலும் மேசைகள் நெருக்கமாக இருந்திருக்கும். பழகும்போது பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழும். 6 அடி இடைவெளியாவது விடுங்கள். தாள்களை ஒரே நிறத்தில், ஒரே அமைப்பில் அச்சிடுங்கள். பேச்சுத் தடையைத் தாளை வாங்குவதற்கு முன்பே அறிவியுங்கள். கடைசிவரை வாய் திறக்காமல் கண்டுபிடித்தவர் இருந்தால், அவரை முடிவில் கேளுங்கள்: தெரிந்த பிறகு விட்டுக்கொடுத்தீர்களா, அடித்துப் பிடித்தீர்களா?

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்துவிடுகிறார்கள்.

பதில்: பாதி நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்காதவர் இதை நடத்தவே வேண்டாம். 40 நிமிடம் வையுங்கள். தியாகராஜனே ஆறு கேள்வி வரிசை தருகிறார்: எப்படி உணர்ந்தீர்கள், என்ன நடந்தது, என்ன கற்றீர்கள், வெளியுலகோடு எப்படிப் பொருந்துகிறது, இப்படி இருந்திருந்தால் என்ன, இனி என்ன. எரிச்சலைக் கொட்டாதவர் பாடத்தைக் கேட்க மாட்டார். அதனால் முதல் கேள்வியைத் தாண்டி ஓடாதீர்கள்.

கேள்வி: "வடநாட்டார் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது?" என்று சார்ட்டில் எழுதச் சொன்னோம். அறை இரண்டுபட்டது.

பதில்: படாமல் என்ன செய்யும்? இழிசொல்லைப் பட்டியலிட்டால் அது கலைவதில்லை, சுவரில் தொங்குகிறது. பதிலாக நெற்றிச்சீட்டு வையுங்கள். "என் பேச்சை வெட்டு", "நான் சொன்னால் ஆமாம் போடு", "என்னிடம் மெதுவாக, குழந்தையிடம் போலப் பேசு" என்று நடத்தும் விதத்தை மட்டும் எழுதி, அவரவருக்குத் தெரியாமல் நெற்றியில் ஒட்டுங்கள்; மற்றவர்கள் அதைப் படித்து அப்படியே அவரை நடத்துவார்கள். ஆறு பேர் சேர்ந்து 10 நிமிடத்தில் ஒரு சுற்றுலா திட்டமிட வேண்டும். பேச்சை வெட்டப்படுபவர் நான்காம் நிமிடத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார். சாதி, மதம், ஊர்ப் பெயர் எழுதாதீர்கள். சாதுவான ஆளுக்குக் கடுமையான சீட்டு ஒட்டாதீர்கள்.

கேள்வி: "தண்ணீர் தனிக்குவளையில் தரப்பட்டவர்கள் ஓரடி பின்னே போங்கள்" என்ற பயிற்சி சரியா?

பதில்: நம்மூரில் கூடவே கூடாது. இருபது பேர் முன்னால் ஒருவரின் சாதியைக் காலடியால் அறிவிக்கச் சொல்கிறீர்கள். கற்பனைப் பாத்திர அட்டை கொடுத்து நடத்துங்கள்.

கேள்வி: நீலக்கண், பழுப்புக்கண் பயிற்சி?

பதில்: மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ரைஸ்வில்லில் ஆசிரியை ஜேன் எலியட், இனப் பாகுபாட்டை உணர்த்த மூன்றாம் வகுப்பில் தொடங்கியது. கண் நிறத்தால் பிரித்து ஒரு பக்கத்தை மட்டம்தட்டுவது, பிறகு மாற்றுவது. குழந்தைகளை வேண்டுமென்றே புண்படுத்தியதற்காக இன்றும் விமர்சிக்கப்படுகிறது. அதைப் பற்றிப் பேசுங்கள், நடத்தாதீர்கள்.

கேள்வி: கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

பதில்: பார்ங்காவை விடுங்கள், நெற்றிச்சீட்டை எடுங்கள். ஒட்டும் காகிதம் முடியில் மாட்டும்; தலைப்பட்டையில் சொருகுங்கள்.