நண்பனின் மாத்திரையைத் தேர்வுக்காகப் போட்டுக்கொண்ட மகன்

கேள்வி: என் 17 வயது மகன் எப்போதும் ஒரு வீடியோ கேமிலேயே கிடக்கிறான். அதில் நாயகன் ஒரு நீல மருந்தைக் குடித்ததும் கொஞ்ச நேரத்துக்கு அவனுடைய மாய சக்தி பல மடங்காகிறது. போகப்போக அதற்கு அடிமையாகிவிடுகிறான். “நிஜத்திலும் மூளைக்கு இப்படி மருந்து இருக்கிறது” என்று சொன்ன மகன், ஏடிஎச்டி (கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ள நண்பனிடம், அதற்குத் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை வாங்கித் தேர்வுக்கு முன் இரண்டு முறை போட்டிருக்கிறான். இரவெல்லாம் தூங்கவில்லை. பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: இரண்டு முறை போட்டதற்கே அடிமையாகியிருப்பான் என்று கலங்க வேண்டாம். ஆனால் மூன்றாவது முறை நடக்கக் கூடாது.

அந்த கேம் ஒன்றைச் சரியாகவே காட்டுகிறது. இந்த வகை ஊக்க மருந்துகள் மூளையில் ஊக்கத்தைத் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கூட்டுபவை. கண்டபடி அடிக்கடி எடுத்தால் மூளை அதற்குப் பழகிப்போய், பழைய அளவு போதாமல் போகும். மருந்து இல்லாத நாளில் எதிலும் மனம் ஒட்டாது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அந்த நிலைக்கு வந்தவர்கள் சக்திக்காக மருந்தைத் தேடுவதில்லை, சாதாரணமாக எழுந்து நடமாடவே தேடுகிறார்கள்.

கேம் தவறாகக் காட்டுவது அந்தச் சக்தியைத்தான். 2023ல் வெளியான ஓர் ஆய்வில் ஏடிஎச்டி இல்லாத 40 பேருக்கு இதே மீத்தைல்ஃபெனிடேட்டையும் இன்னும் சில மருந்துகளையும் கொடுத்து, ஒரு புதிரைத் தீர்க்கச் சொன்னார்கள். எடை வரம்பை மீறாமல் ஒரு பையில் அதிக மதிப்புள்ள பொருள்களை நிரப்பும் புதிர் அது. மருந்து எடுத்தபோது நிறைய நேரம் செலவழித்தார்கள், பொருள்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். விடையின் தரமோ குறைந்தது. உங்கள் மகனுக்கும் விழுந்து விழுந்து படித்த உணர்வு இருந்திருக்கும். படித்தது மனதில் பதியத் தூக்கம் வேண்டும். மாத்திரை அதைத்தான் பறித்துக்கொண்டது.

களைப்பை இந்த மருந்துகள் போக்குவதில்லை, அது தெரியாதபடி மறைக்கின்றன. ஜெர்மனியில் 1938ல் பெர்விட்டின் என்ற மாத்திரை, அதாவது மெத்தாம்பெட்டமைன் என்ற வலுவான ஊக்க மருந்து, விற்பனைக்கு வந்தது. 1940ல் அதைப் போர்வீரர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அதை அபின் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து கட்டுப்படுத்த வேண்டிவந்தது. மகனிடம் இதைச் சொல்லுங்கள், கேமைப் பறிப்பதைவிட அவன் காதில் ஏறும். அந்த நாயகனுக்கு என்ன ஆனது என்று அவன் வாயாலேயே கேளுங்கள். அப்புறம், திட்டாமல், மாத்திரை போட்ட அன்று படபடப்பு இருந்ததா, மறுநாள் மனம் சோர்ந்து கிடந்ததா, இப்போதும் வேண்டும்போல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்துவிடுங்கள். படிப்பில் உண்மையிலேயே கவனம் நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதது கேட்பது, காரணமில்லாத சந்தேகம், சாகலாம் என்ற பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நண்பனின் பெற்றோரிடமும் பேசுங்கள், குற்றம் சாட்டாமல். அந்தப் பையனுக்கு மருத்துவர் பார்த்து அளவோடு கொடுக்கும் மருந்து அது. பங்கு போட்டால் அவனுக்கு வேண்டிய நாளில் மாத்திரை இருக்காது.