அம்மாவுக்கு அடுத்த வாரம் கண் புரை ஆபரேஷன், பயத்துல தூங்கவே மாட்டேங்குறாங்க, எப்படித் தேத்துறது?

சும்மா "பயப்படாதீங்கம்மா"னு சொல்லிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது, எதுக்குப் பயம்னு மொதல்ல கேளுங்க. எங்க அப்பத்தாவுக்கு, உசிலம்பட்டி பக்கம், யாரோ கண்ண வெளிய எடுத்து வச்சுட்டு திரும்ப மாட்டுவாங்கன்னு சொல்லிட்டாங்க, நாலு நாளா சோறே இறங்கல. கண்ணு இருந்த இடத்துலயேதான் இருக்கும், ஓரத்துல சின்னதா கீறி உள்ள மங்கிப்போன லென்ஸ எடுத்துட்டு புதுசு வைக்கிறாங்கன்னு சொன்னப்புறம்தான் கொஞ்சம் அடங்குச்சு.

அடுத்த பயம் "நடுவுல கண்ண சிமிட்டிட்டா?" முடியாது, இமைய ஒரு சின்ன கிளிப் பிடிச்சுக்கும். மரத்துப்போக மருந்து போடுறதால பெருசா வலி தெரியாது, ஆனா தண்ணி ஊத்துறது, லேசா அழுத்துறது, கலர் கலரா வெளிச்சம் எல்லாம் தெரியும். மூஞ்சிய துணி போட்டு மூடுவாங்க, சிலருக்கு அதுதான் மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லிருங்க. இருமல் வந்தா தலைய ஆட்டாம வாயால சொல்லணும்.

1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஊரு நம்ம மதுரை, தெருவுக்கு நாலு பேராவது புரை எடுத்தவங்க இருப்பாங்க, அதுல ஒருத்தர வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவோட காபி குடிக்க விடுங்க, நம்ம பேச்ச விட அது எடுபடும். பயத்துல பிரஷர் எகிறுனா தேதியத் தள்ளி வச்சாலும் வச்சிருவாங்க, அதனால டாக்டர கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க, தூக்க மாத்திரையும் நீங்களா குடுக்காதீங்க.

அப்பத்தா கட்டு பிரிச்சதும் என்னப் பாத்து சொன்ன மொத வார்த்த, "ஏண்டா இம்புட்டு கருத்துப் போய்ட்ட?"