தாத்தா கொடுக்கும் க்யான்

அன்புள்ள சார்,

டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் எங்கள் அபார்ட்மென்டில் ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழ்க் கதைப் புத்தகம் படிக்கிறோம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது பிள்ளைகள். பாதிப் பேர் பள்ளியில் தமிழ் படிப்பவர்கள், மீதிப் பேர் வீட்டில் பேசுவதோடு சரி. எதை வாங்குவது என்று எனக்குத் தெரியாததால் விருது வாங்கிய சிறார் நூல்களாகப் பார்த்து வாங்கினேன். ஊரிலிருந்து திரும்பும்போது சூட்கேஸில் பாதி புத்தகம்தான்.

போன மாதம் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, அந்தத் தாத்தா ரொம்ப க்யான் குடுக்கறார். அவர் வந்தாலே நான் பக்கத்தைத் திருப்பிடுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. "அப்போ விருது கொடுத்தவங்க எல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களா? இப்படிப் பேச விட்டா நாளைக்கு யாரையும் மதிக்காதுங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொல்வதும் சரியோ என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெண் சொன்னது, படிக்கும்போது எனக்கும் தோன்றியதுதான்!

மற்ற பிள்ளைகள் கதை வேறு. எதைக் கேட்டாலும் "நல்லா இருந்தது", இல்லாவிட்டால் "போர்". அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' படித்த அன்று அதுகூட வரவில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். விருது நூல்களைப் பற்றிப் பிள்ளைகளைக் கருத்துச் சொல்ல விடலாமா? சொல்வதை எழுதி வாங்கி எழுத்தாளர்களுக்கு அனுப்பலாமா?

(என் பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பத்து வயது விமர்சகிக்கு என் கணக்கில் ஒரு தட்டு கோல்கப்பா வாங்கிக் கொடுங்கள். டெல்லியில் வளராதவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே பிள்ளைகள் வாயில் 'க்யான்' என்றால் ஞானம் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்காமலே வந்து சேரும் அறிவுரைக்கு அந்தப் பெயர். "க்யான் மத் தோ அப்பா" (க்யான் கொடுக்காதே அப்பா) என்று என் மகனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

அவள் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை, பாருங்கள். கதையை விட்டு எந்த இடத்தில் வெளியே போனாள் என்று சொல்லியிருக்கிறாள். தாத்தா வந்தால் பக்கத்தைத் திருப்புகிறாள், அவர் போனதும் மறுபடி உள்ளே வருகிறாள். அப்படியானால் மீதிக் கதை அவளுக்கு வேண்டியிருந்தது. நானும் மதிப்புரை எழுதுகிறவன்தான். இவ்வளவு துல்லியமாக ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பெரியவரின் கோபம் புரிகிறது. தமிழில் பிள்ளைகளுக்கு எழுதி யாரும் வீடு கட்டியதில்லை. அபூர்வமாக ஒரு விருது வருகிறது, அதையும் ஒரு வாண்டு ஒரே வரியில் கவிழ்த்தால் மனசு கேட்காதுதான். ஆனால் நடுவர்களிடம் கேட்கப்படும் கேள்வியும் நீங்கள் அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்வியும் ஒன்றல்ல.

சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்காரையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மயூர் விஹார் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ப்ளூ லைனில் ஐந்தாவது நிறுத்தம் மண்டி ஹவுஸ். அங்கே இறங்கினால் ஃபெரோஸ் ஷா ரோட்டில் அவர்கள் அலுவலகம். 2010 முதல் இந்த விருதைத் தருகிறார்கள். 24 மொழிகள், மொழிக்கு 50,000 ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும். தேர்ந்தெடுப்பவர்கள் வளர்ந்தவர்கள். இந்த மொழியில் சிறார்களுக்காக நடந்த வேலையில் எதை கௌரவிக்கலாம் என்று அவர்கள் பார்க்கிறார்கள். அதனால் சில வருடங்களில் தனியாக ஒரு புத்தகத்துக்குக் கொடுப்பதே இல்லை. தமிழில் 2016இல் குழ. கதிரேசனுக்கும் 2017இல் வேலு சரவணனுக்கும் 2019இல் தேவி நாச்சியப்பனுக்கும் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகக் கொடுத்தார்கள். வேலு சரவணன் பிள்ளைகளுக்கு நாடகம் போடுகிறவர். 2017இன் விருதுப் புத்தகம் வேண்டும் என்று கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் எதை எடுத்து நீட்டுவார்? தகுதியானவருக்குத்தான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெண் கேட்பதோ, அடுத்த பக்கம் போகலாமா வேண்டாமா என்று. அதற்கு எந்தப் பட்டயமும் பதில் சொல்லாது.

சில நாடுகளில் இரண்டுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியில் அரசின் சிறார் இலக்கிய விருது 1956இலிருந்து இருக்கிறது. 2003 முதல் அதற்குள்ளேயே இளையோர் நடுவர் குழு ஒன்று தனிப் பட்டியல் போட்டு, தனியாக ஒரு புத்தகத்துக்குப் பரிசு தருகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ப்ளூபானெட் விருது. 20 புத்தகங்களைப் பட்டியலிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஓட்டுப் போடலாம், ஆனால் அந்தப் பட்டியலில் குறைந்தது ஐந்து புத்தகமாவது படித்திருக்க வேண்டும். அந்த ஐந்தில்தான் எல்லாம் இருக்கிறது. படித்துவிட்டு வா, அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல். உங்கள் பெரியவர் கேட்கும் மதிப்பும் இதற்குள் வந்துவிடுகிறது. அவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம். (வேண்டாம், அடுத்த வாரமும் அவர் வீட்டுக்கு வருவார்.)

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் சிறார்களுக்கு ஒரு நாவல் எழுதினேன். டெல்லிப் பையன் ஒருவன் பள்ளி விடுமுறையில் மதுரைக்குப் போகிறான், ஏப்ரல் மாதம், சித்திரைத் திருவிழா. தாத்தா அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டுகிறார். ஓர் அமைப்பு பரிசு கொடுத்தது. நான்கைந்து மதிப்புரைகள் வந்தன, மண்வாசனை என்றெல்லாம் எழுதினார்கள். அப்புறம் ஒரு நாள் ஆர்.கே. புரத்தில் பிள்ளைகளோடு ஒரு சந்திப்பு. முதல் வரிசையில் இருந்த பையன் கை தூக்கினான். "அங்கிள், ஏப்ரல்ல எங்களுக்கு லீவே கிடையாது. புது க்ளாஸ் ஆரம்பிக்கும். லீவு மே பாதிக்கு மேலதான். இவன் ஸ்கூல்ல எப்படி விட்டாங்க?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் மகனுக்கு ஒவ்வொரு ஏப்ரலும் நோட்டுக்கு அட்டை போட்டவன் நான்தான். எழுத உட்கார்ந்ததும் நான் படித்த தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தின் முழுப்பரீட்சை லீவு வந்து உட்கார்ந்துகொண்டது. பிழை என்பதைத் தாண்டி அவன் கேள்விக்குள் இன்னொன்று இருந்தது. டெல்லித் தமிழ்ப் பிள்ளைகள் ஊருக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். அவர்கள் பார்ப்பது கத்திரி வெயிலும் மாம்பழமும் காலியான தெருவும்தான். அதை எழுதியிருந்தால் இன்னும் நல்ல நாவலாக வந்திருக்கும். எந்த நடுவரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, உங்கள் 'போர்' பிள்ளைகளிடம் வருகிறேன். அதே சந்திப்பில் இன்னொரு பையன் ஒரு புத்தகத்தை 'போர்' என்று மூடி வைத்தான். அதே அத்தியாயத்தை நான் சத்தமாகப் படித்தேன். முடிந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்றான். கதை அவனுக்குப் போரடிக்கவில்லை, எழுத்துக்கூட்டித்தான் களைத்திருக்கிறான். வீட்டில் 'வந்துண்டிருந்தான்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'வந்துகொண்டிருந்தான்' ஒரு தடுக்கல். திண்ணை தெரியாது. 'சபூத்ரா' என்று யாராவது சொன்னால் உடனே தெரியும். ஒரு கதையில் 'கொல்லைப்புறம்' வந்தபோது ஒருவன் அதைக் கொலையோடு சேர்த்துப் புரிந்துகொண்டு, இரண்டு பக்கத்துக்கு யாரைக் கொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தான். கடைசியில் அங்கே கருவேப்பிலை பறித்தார்கள். அவன் அந்தப் புத்தகத்துக்கு நல்ல மார்க் போடுவானா?

எனவே கருத்துக் கேட்பதற்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள். எட்டு வயதுக்காரர்களுக்கு முழுவதும், பெரிய பிள்ளைகளுக்கு முதல் அத்தியாயமாவது. அதற்குப் பிறகும் 'போர்' என்றால் போர்தான், நம்பலாம்.

'நல்லா இருந்தது' அதைவிடச் சிக்கல். அது பரீட்சைக்கான பதில். இக்கதையின் நீதி யாது என்று கேட்டுக் கேட்டு, பெரியவர்கள் வாயைத் திறந்தால் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. நானே சின்ன வயதில் பதினைந்து பைசா கார்டில் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 'அட்டைப்படம் அருமை, தொடர்கதை சூப்பர்' என்று எழுதினால் போடுவார்கள். தொடர்கதையில் துப்பறிபவர் ஒரு வாரம் இடது கையிலும் மறு வாரம் வலது கையிலும் கட்டுப் போட்டிருக்கிறார் என்று எழுதினேன். போடவில்லை. மறுபடி அருமை, சூப்பருக்குத் திரும்பிவிட்டேன்.

இங்கிலாந்தில் எய்டன் சேம்பர்ஸ் என்று ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்து சிறார் எழுத்தாளர் ஆனவர். பிள்ளைகளோடு புத்தகம் பேசுவது எப்படி என்றே 1993இல் ஒரு நூல் எழுதினார். 'ஏன்?' என்று கேட்காதீர்கள் என்கிறார். ஏன் என்றதும் பிள்ளைக்குக் குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. 'சொல்லேன்' என்று ஆரம்பிக்கச் சொல்கிறார். பிடித்தது, பிடிக்காதது, புரியாமல் குழப்பியது, திரும்பத் திரும்ப வந்தது, இவை அவருடைய அடிப்படைக் கேள்விகள். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் பிள்ளைகளின் வாயைத் திறக்கிறது. புரியவில்லை என்று சொல்வதற்கு அனுமதி கிடைத்த பிள்ளை நிறுத்தாமல் பேசும். நான் சேர்த்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு: எந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தாய்? உங்கள் விமர்சகி அதைக் கேட்காமலே சொல்லிவிட்டாள்.

'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்துக்கு மட்டும் இதெல்லாம் வேண்டாம். யெஸ். பாலபாரதியின் அந்த நூல் 2020இல் புரஸ்கார் வாங்கியது. பிள்ளைகள் மீது நடக்கும் பாலியல் அத்துமீறலைப் பற்றி பிள்ளைகளிடமே பேசுகிறது. அதை வட்டமாக உட்கார்த்தி வைத்து ஆளாளுக்குக் கருத்துக் கேட்கக் கூடாது. அன்று அவர்கள் பேசாமல் இருந்ததைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படித்தது உள்ளே போய்க்கொண்டிருக்கும். யாராவது அப்புறம் உங்களிடம் தனியாக வந்து பேசலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் பதறாமல் முழுதும் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அந்தப் புத்தக அலமாரியிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

எழுத்தாளர்களுக்கு அனுப்புவது பற்றி. அனுப்பலாம், பிள்ளைக்கு ஆசை இருந்தால். நீங்கள் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள், திருத்த ஆரம்பித்தால் நான்காவது வரியில் அது உங்கள் கடிதமாகிவிடும். பிள்ளையின் போட்டோவோடு ஃபேஸ்புக்கில் போட்டு எழுத்தாளரை டேக் செய்வது வேறு வகை. அதில் அவர் நாலு பேர் பார்க்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பிள்ளையும் அடுத்த முறை லைக் வாங்குவதற்காக எழுதும். தபாலில் அனுப்புங்கள். பதில் வராமல் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களில் பல பேர் சோம்பேறிகள், சில பேருக்கு சுருக்கென்று கோபம் வரும். எனக்கு அந்த ஏப்ரல் பையன் மீது இரண்டு நாள் கோபம் இருந்தது.

கடைசியாக ஒன்று. போன மாதம் படித்த புத்தகத்தின் பெயரை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. நாகரிகத்துக்காக விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் நாவலில் அந்தத் தாத்தா வைகைக் கரையில் நின்றபடி நான்கு பக்கத்துக்குப் பேசுவார், ஆற்றைப் பற்றி, தண்ணீரைச் சேமிப்பது பற்றி, பெரியவர்களை மதிப்பது பற்றி. அவள் திருப்பியது எந்தத் தாத்தாவை என்று மட்டும் கேட்டு எழுத முடியுமா?