பாலத்தில் நின்றால் முள் ஏறுகிறது, இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: என்னுடையது 2008 மாடல் பெட்ரோல் கார். உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வாரம் மூன்று, நான்கு முறை போய் வருகிறேன். விடுமுறை நாட்களில் பாம்பன் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது ஹீட் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. பாலம் இறங்கித் தங்கச்சிமடம் பக்கம் வேகம் எடுத்தால் தானாகவே இறங்குகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் இருக்கப் போடும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரித்தால் 28,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– உச்சிப்புளி வாசகர்

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். எனவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும்.

இதை நீங்களே வீட்டு வாசலில் பார்த்துவிடலாம். பானட்டைத் திறந்து வைத்து, ஏசியைப் போடாமல் இன்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓட விடுங்கள். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், சூடு இறங்கியதும் நிற்க வேண்டும். சுற்றவே இல்லையென்றால் ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஏசி போட்டதும் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடத் தொடங்கும். அதே ஃபேன் ஏசியில் ஓடி, சூட்டில் ஓடாவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சென்சாரோ சுவிட்சோ போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஒயர் ஜாயின்ட், கடைசியாக மோட்டார் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். நம் கடற்கரையில் கனெக்டரைக் கழற்றினால் பித்தளை முனைகளில் பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைச் சுரண்டித் துடைத்துப் போட்டாலே உயிர் பெறும் ஃபேன்கள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஃபேனை டைரக்ட் பண்ணிட்டேன், சாவியைப் போட்டாலே சுத்தும்" என்று சிலர் ஒயரை மாற்றிக் கொடுப்பார்கள். அவசரத்துக்கு ஊர் வந்து சேர அது சரி. அப்படியே விட்டுவிட்டால் ஃபேன் மோட்டார் சீக்கிரம் தேயும். அதைவிட மோசம், அடுத்த கோளாறு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாமல் போவது.

சரி, தண்ணீர் குறைவதற்கு வருவோம். இங்கேதான் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் பழைய கார் இதே போலத் தண்ணீர் குடித்தது. ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து (அடிப்பக்கத்தை மட்டமாக்கி), புது கேஸ்கட் போட்டார்கள். மூன்று வாரம் கார் பட்டறையில் கிடந்தது. எடுத்து வந்த நாலாவது நாள் மறுபடியும் ஹீட். பிறகு வேறொரு மெக்கானிக் ரேடியேட்டர் கேப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடியில் இருந்த ரப்பர் வாஷர் விறைத்துப்போய், ஓரம் பிளந்து, நகத்தால் தொட்டதும் துண்டாக உதிர்ந்தது. சில நூறு ரூபாய் கேப்போடு விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் கேப்பைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கேப் வெறும் மூடி இல்லை. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது தாங்கும் அழுத்தம். 0.9 கேப் சரியாகப் பிடித்தால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. வாஷர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியேறும், கீழே சொட்டுகூடத் தெரியாது. கேப்பில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலண்டை (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விக்கும் திரவத்தை) திரும்ப உள்ளே இழுக்க வழி விடுவது அதுதான். காலையில் பானட்டைத் திறக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ் பைப் நசுங்கி ஒட்டிப்போயிருந்தால் அந்த வால்வு அடைத்திருக்கிறது. புது கேப் வாங்கும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம், பழைய ஹோஸ் பைப் வெடிக்கும்.

கேப் சரியாக இருந்தால் ஹோஸ் பைப் முனைகள், கிளிப்புகள், வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்) ஆகியவற்றைப் பாருங்கள். வாட்டர் பாடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசியும். அங்கிருந்து கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கோடு இறங்கியிருந்தால் அதுதான் குற்றவாளி.

இதற்கெல்லாம் அப்புறம்தான் ரேடியேட்டர். இந்த இடத்தில் இரண்டாவது மெக்கானிக் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நம் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியில் படியும் உப்பைத் துடைத்துக்கொண்டேதான் ஓட்டுகிறோம். 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பெயின்ட்டும் போட வேண்டியிருந்தது. அதே காற்று நம் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குள்ளும் புகுந்து போகிறது. பத்து வருடம் கடலோரத்தில் நின்ற ஒரு ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியை விரலால் தடவினேன், பொரித்த அப்பளம் போல நொறுங்கிக் கையில் வந்தது. தகடு இல்லாவிட்டால் குழாய்க்குள் எவ்வளவு கூலண்ட் ஓடினாலும் சூடு வெளியே போகாது. உங்கள் காரில் ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் அதே போல இருக்கும் ஏசி பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பை நேரே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். தகடு உதிர்ந்திருந்தால் அப்போது புது ரேடியேட்டர் வாங்குங்கள், அது நியாயமான செலவு.

ஹெட் கேஸ்கட் போவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடையாளங்கள் உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினில் கேப்பைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் குமிழி வரும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடு ஏறும் முன், ஹோஸ் பைப் கல்லாக இறுகும். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வரும். ஆயில் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவக் கருவி ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்தால் திரவம் மஞ்சளாகும். இதில் எதைப் பார்த்து கேஸ்கட் போனது என்று முடிவு செய்தீர்கள் என்று முதல் மெக்கானிக்கிடம் மரியாதையாகவே கேளுங்கள். காட்ட முடிந்தால் நம்பலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பாலத்தில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் பக்கம் வந்துவிடும். (ஹீட்டர் எதற்கு என்று அதன் குழாயைத் துண்டித்து விட்ட கார்கள் நம் பக்கம் நிறைய. உங்களுடையதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது கேப்பில் கை வைக்காதீர்கள். கேப்பைத் திருகியதும் பீறிடும் நீராவி முகத்தை வேகவைத்துவிடும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், ஹெட் விரிசல் விடும்.

கேள்வி: வீட்டு போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றலாமா? கூலண்ட் விலைக்குத் தண்ணீரே போதும் என்கிறார் டிரைவர். – தங்கச்சிமடம் வாசகர்

பதில்: உங்கள் வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் ஏறும், அங்கே தேய்த்து எடுக்க வழியில்லை. உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். நடுவழியில் வேறு கதியில்லை என்றால் எந்த நல்ல தண்ணீரையும் ஊற்றி வீடு வந்து சேருங்கள். பிறகு முழுதும் வடித்து மாற்றிவிடுங்கள்.

கூலண்ட் வாங்கும்போது கேனைத் திருப்பிப் படியுங்கள். அப்படியே ஊற்றும் வகை ஒன்று, தண்ணீர் கலக்கும் வகை இன்னொன்று. முதல் வகையில் தண்ணீர் கலந்தால் காசு வீண். இரண்டாவது வகையில் கேனில் போட்ட அளவுப்படி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு எது மலிவு என்பது மாறிவிடும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கார் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். பழையதோடு வேறு வகையைக் கலக்கவும் வேண்டாம். வடித்த கூலண்டை வாசலில் கொட்டாதீர்கள். அது விஷம், ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும், குழந்தைகள் கையிலும் படக்கூடாது.

கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும்.

கேள்வி: "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வே தேவையில்லை" என்று மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். சரியா? – தேவிபட்டினம் வாசகி

பதில்: சரியில்லை, அம்மா. இன்ஜின் போதிய சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைப்பது அந்த வால்வுதான். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் அதிகம். சில இன்ஜின்களில் அந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதில் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும், ஹீட் கூடத்தான் செய்யும்.

கையில் கொடுத்தாரே, அதை வைத்திருக்கிறீர்களா? அடுப்பில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்க விடுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும், அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாய் திறக்கவில்லையென்றால் செத்துவிட்டது. நன்றாகத் திறந்து, ஆறியதும் மூடினால் புது கேஸ்கட்டோடு அதையே மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு ஏர் லாக் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். உள்ளே காற்று நின்றால் எல்லாம் புதிதாக இருந்தும் ஹீட் ஆகும்.

கேள்வி: கீழக்கரையில் ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் விலைக்கு வருகிறது. ஹீட் பிரச்சினை இல்லை என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முன் சீட்டைத் தூக்கி (ஆம்னியில் இன்ஜின் அங்கேதான்) தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்திருந்தால் கேப்பைத் திறங்கள். துருத் தண்ணீர் செம்மண் நிறத்தில் நின்றால் விலையைக் குறைத்துப் பேசவோ திரும்பி வரவோ அதுவே போதும். பிறகு இருபது நிமிடம் ஐடிலில் விட்டு, ஃபேன் வந்து நிற்பதைக் கண்ணால் பாருங்கள். சாவி போட்டதுமே சுற்றினால் டைரக்ட். முள் பாதிக்கு ஏறவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் கழற்றியிருக்கலாம்.

கேள்வி: தேவையில்லாமல் இன்ஜினைப் பிரித்துப் பணம் வாங்கிவிட்டார்கள், பிரச்சினை தீரவில்லை. எங்கே போவது? – மண்டபம் வாசகர்

பதில்: பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் என்ன கோளாறு சொல்லி என்ன மாற்றினார்கள், எந்தத் தேதியில் மறுபடி ஹீட் ஆனது என்று எழுதிப் பதிவுத் தபாலில் பட்டறைக்கு அனுப்புங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, உண்மையான கோளாறு எது என்று எழுதி வாங்குங்கள். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸை என் டிக்கியில் போட்டுவிடுங்கள் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.