28 வாரத்தில் பிறந்த குழந்தை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது. தேறி வருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தந்தை. குழந்தை பிறந்து 5 நாள் ஆகிறதாம். எடை தினமும் குறைகிறது, திரையில் எண்கள் ஏறி இறங்குகின்றன, டாக்டர்கள் "ஸ்டேபிள்" என்ற ஒரே சொல்லோடு அடுத்த குழந்தையிடம் போய்விடுகிறார்கள், எதை நம்பி வீட்டுக்குத் திரும்புவது என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் மகள் 27 வாரம் 3 நாளில் பிறந்தாள். 960 கிராம். 71 நாள் மருத்துவமனையில் இருந்தாள். இன்றும் கடையில் ஒரு கிலோ சீனிப் பையை எடுத்தால் கை ஒரு கணம் நின்றுவிடும். அந்த 71 நாளில் முதல் சில வாரங்களை நான் எடையையும் திரையையும் வெறித்துப் பார்த்தே கழித்தேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எடையை விடுங்கள். நேற்றுவரை ஒரு கருவியோ குழாயோ செய்துகொடுத்த வேலையில் எதைக் குழந்தை இன்று தானே செய்கிறது என்று பாருங்கள். தேறுவது அங்கேதான் தெரியும்.

குறைமாதக் குழந்தையின் உடலில் நீர் அதிகம். முதல் நாட்களில் அது வடியும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குபோல் குறைவது வழக்கம்தான். திரும்பப் பிறந்த எடைக்கு வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். எங்கள் மகள் ஐந்தாம் நாள் 870 கிராமில் நின்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. பதினைந்தாம் நாள் 970. இடையில் பத்து நாள் நான் பட்ட வேதனைக்கு அவள் உடம்பில் ஒரு காரணமும் இருக்கவில்லை. பால் முழு அளவுக்கு வந்தபிறகு எடை முக்கியம்தான், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏறவேண்டும் என்பார்கள். அப்போதும் வாரக் கணக்கில் பாருங்கள். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு ஈர டயப்பர்கூட உங்களை ஏமாற்றிவிடும்.

என் மனைவி தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. இரண்டாம் வாரம் ஒரு பள்ளி நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டாள்: மூச்சு, பால், சூடு. எடையை ஞாயிற்றுக்கிழமை மட்டும், பக்கத்தின் அடியில் சின்னதாக எழுதுவோம். அந்த நோட்டு வந்தபிறகுதான் எங்களுக்குப் பிடி கிடைத்தது.

மூச்சிலிருந்து தொடங்குகிறேன். பிறந்ததுமே குழாய் வழியாக அவள் நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் விட்டார்கள். நுரையீரலின் காற்றுப் பைகள் மூச்சு விடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் அது. கருவில் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கும். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். அப்படியும் இந்தக் குறையால் இரண்டு நாள்கூட வாழவில்லை. 1980-ல்தான் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். ஒரு நாட்டின் அதிபருக்குக் கிடைக்காத மருந்து வீவக அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் என் மகளுக்குக் கிடைத்தது. இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் இரவு வென்டிலேட்டரை எடுத்துவிட்டு மூக்கில் காற்றழுத்தம் கொடுக்கும் சீபேப் வைத்தார்கள். அங்கே நீங்கள் கவனிக்கவேண்டிய எண் ஒன்றுதான்: கொடுக்கும் ஆக்சிஜனின் சதவீதம். நாம் மூச்சு வாங்கும் சாதாரணக் காற்றில் அது 21. எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் 45, 38, 30, 28, 32, 26 என்று இருக்கிறது. நடுவில் 32 ஏறியிருப்பதைக் கவனியுங்கள். அன்று உலகமே இடிந்துவிட்டதாக நினைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் 21-ஐ நோக்கி இறங்கும் ஒரு படிக்கட்டுதான் தெரிகிறது.

திரையில் இருக்கும் சேச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, வேறு. அதில் நான் பெரிய பாடம் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு மதியம் 99 காட்டியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது! படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டேன். ஈப்போவிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் வந்தார், பார்த்தார், ஆக்சிஜனைக் குறைத்தார். எண் 93-க்கு இறங்கியது. பதறிப்போய் ஏன் என்று கேட்டேன். "கூடிப் போனாலும் ஆகாது சார், கண்ணைப் பாதிக்கும்" என்றார். பிறகு படித்தேன். 1940-களிலும் 50-களிலும் இன்குபேட்டரில் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்திருக்கிறார்கள். ஆக்சிஜன் கொடுக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் 90-களின் முற்பாதியில் இருந்தால் போதும் என்று வைத்திருப்பது அதனால்தான். பிறந்து நான்கு வாரம்போல் ஆனதும் கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்ப்பார். கண்ணை விரித்துப் பிடித்துச் செய்யும் சோதனை அது. குழந்தை மிகவும் அழும். முடிந்தால் அது முடிந்தவுடன் பக்கத்தில் இருங்கள்.

அலாரம் அடிக்கும். நாள் முழுதும் அடிக்கும். பாதத்தில் சுற்றிய சென்சார் நகர்ந்தாலே அடிக்கும். அப்போது திரையைப் பார்க்காமல் குழந்தையின் நிறத்தையும் மிஸ்ஸியின் நடையையும் பாருங்கள். அவர் நிதானமாக வந்தால் நீங்களும் நிதானமாக இருக்கலாம். இந்தக் குழந்தைகள் மூச்சு விட மறந்துபோவார்கள். மூளையில் அந்தப் பகுதி இன்னும் முதிரவில்லை. முதுகை லேசாகத் தடவினால் நினைவு வந்ததுபோல் மறுபடி இழுப்பார்கள். அதற்காகத் தினம் கொடுப்பது கஃபைன். நம் காப்பியில் இருக்கும் அதே கஃபைன்தான்.

பால். இதில் நீங்களும் உங்கள் மனைவியும் செய்ய நிறைய இருக்கிறது. எங்களுக்கு முதல் நாள் வந்த சீம்பால் அரை மில்லிகூட இல்லை. அதைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு போனேன், வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தேன். மிஸ்ஸி அதைத் தங்கம்போல் வாங்கி, பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவினார். குறைமாதக் குழந்தையின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சி ஒன்று இருக்கிறது. தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. சொந்தப் பால் போதாத நாட்களில் தானமாக வந்த பால் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். 2017-ல் கேகே மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியபிறகு இங்கே அது சாத்தியமாகியிருக்கிறது. பாஸ்சுரைஸ் செய்த பால்தான். தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

மனைவி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் செய்வாள், விடியற்காலை 3 மணி உட்பட. மாமியார் தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்து போடுவார். நான் ஐஸ் பையில் புட்டிகளை அடுக்கி, ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறுவேன். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் அந்த நாட்களில் நான் அப்பாவாக உணர்ந்த நேரம். இரண்டு மணிக்கொருமுறை 1 மில்லி என்று தொடங்கியது, பிறகு 2, 3, 5. முழு அளவு என்பது கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. அங்கே எட்டினால் கையிலிருக்கும் ஊட்டச்சத்து லைனை எடுத்துவிடுவார்கள். அதுவும் ஒரு கருவி குறைவதுதான்.

பத்தொன்பதாம் நாள் 9 மில்லிக்கு வந்திருந்தாள். அன்று மாலை வயிறு உப்பியது. பாலை நிறுத்தினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் போட்டார்கள், சீபேப்பில் ஆக்சிஜன் 24-லிருந்து 35-க்குப் போனது. நோட்டில் பால் கட்டத்தில் மனைவி பூஜ்யம் போடவில்லை. "ஓய்வு" என்று எழுதினாள். ஏழு நாள் அந்த ஓய்வு. வீட்டில் ஃப்ரீசர் நிறையப் பால், குழந்தைக்கு ஒரு சொட்டு இல்லை. எட்டாம் நாள் மறுபடி 1 மில்லியிலிருந்து. இந்தப் பின்னடைவை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் வரக்கூடும். வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் "எதைப் பார்த்தால் நீங்க கவலைப்படுவீங்க?" என்று நேராகக் கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கேள்விக்குக் கிடைத்த தெளிவான பதில்தான் அன்றிரவு தூங்க உதவியது.

சூட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்குபேட்டரின் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். குழந்தை தன் சூட்டைத் தானே காத்துக்கொண்டால் ஒருநாள் திறந்த தொட்டிலுக்கு மாற்றுவார்கள். அன்று முதல் சட்டை போடலாம்.

சூட்டோடு சேர்ந்ததுதான் கங்காரு முறை. சீபேப் இருக்கும்போதே செய்யலாம், கேட்டால்தான் சில நேரம் நடக்கும், ஆகவே கேளுங்கள். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், தாயின் நெஞ்சிலேயே குழந்தையை வைத்துக் காப்பாற்றத் தொடங்கிய முறை இது. பதினோராம் நாள் மனைவியின் நெஞ்சில் வைத்தபோது மகளின் ஆக்சிஜன் 30-லிருந்து 25-க்கு இறங்கியது. மருந்து எதுவும் மாற்றவில்லை. என் முறை அடுத்த வாரம் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

"ஸ்டேபிள்" என்ற சொல்லைக் குறையாக நினைக்காதீர்கள். அந்த அறையில் அது நல்ல செய்தி. ஆனால் அதோடு விடவேண்டாம். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் அங்கே இருந்து, "நேத்துக்கும் இன்னிக்கும் என்ன மாத்தியிருக்கீங்க, அடுத்து எதைக் குறைக்கப் பாக்குறீங்க?" என்று கேளுங்கள். முதல் வாரத்தில் தலைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்திருப்பார்கள் அல்லது எடுப்பார்கள். அதன் முடிவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூளையில் ரத்தக் கசிவு இருந்தால் ஒன்றிலிருந்து நான்குவரை தரம் சொல்வார்கள். எங்களுக்கு ஒன்று, தானாகவே கரைந்தது.

உறவினர்களுக்கு ஒரே ஆள் வாரத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும். "இன்னிக்கு எத்தன கிராம்?" என்று தினம் வரும் கேள்விக்குப் பதில் எழுதியே நான் களைத்துப்போனேன். ஊரிலிருந்து பாட்டி "ஏழாம் மாசப் புள்ள தங்கிரும், எட்டாம் மாசந்தான் ஆகாது" என்று தேற்றினார். அன்பில் சொன்னது. ஆனால் பக்கத்து இன்குபேட்டரில் 32 வாரக் குழந்தையின் தாய் ஒரு தமிழ்ப் பெண். அவர் காதில் அது விழுந்துவிடக்கூடாதே என்று நான் தவித்தேன். அது உண்மையல்ல. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான்.

பணம்: மகள் குடியுரிமை பெற்றவள் என்பதால் பிறந்த நாளிலிருந்தே மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி இருந்தது. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும், இந்தக் குழப்பத்தில் மறந்துவிடாதீர்கள். வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் முதல் வாரமே மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். பில் வந்தபிறகு போகலாம் என்று இருக்கவேண்டாம்.

கடைசிக் கட்டம்தான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது, இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. 34 வாரத்தில் மூச்சுக் கட்டத்தில் 21 எழுதினோம். கஃபைன் நின்றது. பாதிப் பாலை வாயாலேயே குடித்தாள். வீட்டில் தொட்டில் கட்டியாயிற்று. ஆனால் மூச்சு நிற்காமல், இதயத்துடிப்பு இறங்காமல் தொடர்ந்து சில நாள் இருந்தால்தான் அனுப்புவார்கள். நடுவில் ஒன்று நேர்ந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. நான்காம் நாள் பால் குடிக்கும்போது துடிப்பு இறங்கியது. மறுபடி ஒன்று. அதற்கடுத்த முறை முழுதாகக் கடந்தாள். 2,140 கிராமில் டாக்சியில் வீட்டுக்கு வந்தோம். சாம்பிராணி வேண்டாம் என்று மாமியாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது.

இப்போது மூன்று வயது. வளர்ச்சியை முதல் இரண்டு ஆண்டு பிறக்கவேண்டிய தேதியிலிருந்துதான் கணக்கிட்டோம்; தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி.

நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் வார்டுக்கு அழைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? இரவு எந்நேரமானாலும் எங்களுக்கு எடுத்துப் பேசினார்கள். விடியற்காலை 3 மணிக்கு மனைவி பம்ப் செய்யும்போது நான் அழைப்பேன். "தூங்குறா சார், 24 பர்சென்ட், 6 மில்லி குடிச்சா" என்பார்கள். நோட்டில் எழுதிவிட்டு, புட்டியில் தேதியும் நேரமும் ஒட்டி, விளக்கை அணைப்போம்.