வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் ஏன் 0 ஆகிறது?

கேள்வி: எங்கள் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் விண்ணப்பங்களை எக்செல்லில் ஏற்றுகிறோம். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன. கட்டங்களை எப்படி அமைப்பது?

பதில்: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். 16-வதிலிருந்து எல்லாம் 0. எண்ணின் முன்னால் வரும் 0-வும் உதிர்ந்துவிடும். கூட்டிக் கழிக்கத் தேவைப்படாத கணக்கு எண், ஆதார், கைபேசி, பின்கோடு எதையும் எண்ணாக ஏற்றவே கூடாது. முதல் விண்ணப்பத்தைத் தட்டும் முன்பே அந்த நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-1 அழுத்தி, நம்பர் பகுதியில் 'டெக்ஸ்ட்' வைத்துவிடுங்கள். கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் தோன்றும், அது பிழையல்ல. அதைச் சொடுக்கி 'கன்வர்ட் டு நம்பர்' கொடுத்தால் பழைய கோளாறு அப்படியே திரும்பி வரும். தட்டச்சு செய்பவர் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அடுத்து நீளம். டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன், அதில் 'டெக்ஸ்ட் லெங்த்'. ஆதாருக்கு 12, கைபேசிக்கு 10, பின்கோடுக்கு 6, ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் வங்கிக் கிளைக் குறியீட்டுக்கு 11. கணக்கு எண்ணின் நீளம் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் 9 முதல் 18 வரை விடுங்கள். எரர் அலர்ட்டில் 'ஸ்டாப்' இருக்க வேண்டும். 'வார்னிங்' வைத்தால் அவசரத்தில் 'யெஸ்' அழுத்திப் போய்விடுவார்கள். ஐ.எஃப்.எஸ்.சி.யில் ஐந்தாவது இடத்தில் வருவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில எழுத்து 'ஓ' தட்டினாலும் நீளம் 11தான், எக்செல் ஏற்றுக்கொள்ளும். இன்புட் மெசேஜில் 'ஐந்தாவது பூஜ்யம்' என்று எழுதி வைத்தால் கட்டத்துக்கு வந்ததுமே கண்ணில் படும்.

தேதிச் சிக்கல் விண்டோஸில் இருக்கிறது. ரீஜன் அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 05/08/1984 மே 8 ஆகிவிடும். 13/08/1984 தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கன்ட்ரோல் பேனலில் ரீஜனை இங்கிலீஷ் (இந்தியா) ஆக்குங்கள். ஒவ்வொரு கணினியிலும் இதைச் செய்ய வேண்டும்.

கட்டங்களின் வரிசை காகித விண்ணப்பத்தின் வரிசையாகவே இருக்கட்டும். கண் மேலும் கீழும் அலைந்தால் பிழை கூடும். நிரப்ப வேண்டிய கட்டங்களில் மட்டும் 'லாக்டு' குறியை எடுத்துவிட்டு, ரெவ்யூ மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுத்தால் டேப் விசை அவற்றில் மட்டும் தாவும்.

வேலிடேஷன் தட்டச்சைத்தான் தடுக்கும். வேறு ஃபைலிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் தவறு தடையின்றி நுழையும், பல நேரம் விதியையே அழித்துவிடும். வெறுமையாகத் தாண்டிப்போன கட்டத்தையும் அது கேட்காது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 'பிளாங்க்ஸ்' விதிக்கு ஒரு நிறம் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏற்றியவற்றை இப்போது டெக்ஸ்டாக மாற்றினாலும் போன இலக்கம் வராது. 16 இலக்கமும் அதற்கு மேலும் உள்ள எண்களில் 0-இல் முடிபவற்றைப் பாஸ்புக் நகலோடு ஒப்பிட்டு மறுபடி தட்டுங்கள். தேதிகளில், நாள் 12-க்குள் உள்ள எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு சரிபாருங்கள்.